இராஜாஜியும் பழமைவாதமும்: ஓர் ஆய்வு

(இளங்கலை அரசியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

அரசியல் பாடத்தில் ‘பழமைவாதம்’ என்னும் சொல் வந்தவுடன் நம் நினைவுக்கு வருவோர் மேலைநாட்டவரே ஆவர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-இல் நூல் எழுதிய எட்மண்டு பர்க், அரிசோனா மாநிலத்துச் செனட்டராக இருந்து 1964-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்ற பாரி கோல்டுவாட்டர், 1967-இல் கலிபோர்னியாவின் ஆளுநராகிப் பின்னர் 1981-இல் குடியரசுத் தலைவரான ரொனால்டு ரீகன் ஆகியோரைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் நமக்கு மிக அருகில், நாம் பேசும் மொழியிலேயே பேசியும் எழுதியும் ஒரு மாநிலத்தை இருமுறை ஆண்ட பழமைவாதி ஒருவர் இருந்தார். அவரே சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அவருடைய அரசியல் வாழ்வையும் கொள்கைகளையும் ஒன்றாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த ஆய்வு ஏன் தேவை என்று நண்பர்கள் கேட்கலாம். இராஜாஜியைப் பற்றி நம்மிடையே இரண்டே கருத்துகள் உலவுகின்றன. ஒரு சாரார் அவரை ‘மூதறிஞர்’ என்று வணங்குகின்றனர். மற்றொரு சாரார் ‘குலக்கல்வி கொண்டுவந்தவர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். இரண்டுமே அவரைப் படிக்காமல் இருப்பதற்கு வசதியான வழிகள். அரசுக் கலைக் கல்லூரியில், குறைந்த கட்டணத்தில், பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் நிலையில் அமர்ந்திருக்கும் நாம், அரசு எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று வாழ்நாள் முழுதும் வாதாடிய ஒருவரை அப்படிக் கடந்துபோக முடியாது. அவர் கேட்ட கேள்விகளின் விடையைப் பொறுத்தே நம்மைப் போன்றோர் இந்த வகுப்பறையில் இருப்பதும் இல்லாமற் போவதும் அமைந்தன.

வாழ்க்கைச் சுருக்கம்

இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். சட்டம் பயின்று 1900-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபையின் தலைவராக இருந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை உதறினார். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதரும் மதுவிலக்கும் பரப்பினார். மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற தமிழ் இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி. 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரையை நடத்திச் சிறை சென்றார்.

1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார் (மாகாண முதலமைச்சரை அன்று அவ்வாறே அழைத்தனர்). 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தை ஏற்காமல் தனித்து நின்றார். விடுதலைக்குப் பின் மேற்கு வங்க ஆளுநராகவும், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும், படேலின் மறைவுக்குப் பின் மத்திய உள்துறை அமைச்சராகவும் இருந்தார். பின்னர் 1952 ஏப்ரல் முதல் 1954 ஏப்ரல் வரை சென்னை மாநில முதலமைச்சர். நாட்டின் தலைமைப் பதவியில் இருந்தவர் மீண்டும் ஒரு மாநிலத்தின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத நிகழ்ச்சி எனலாம். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1972 டிசம்பர் 25-ஆம் நாள் தம் 94-ஆம் வயதில் காலமானார்.

முதல் ஆட்சி: 1937–1939

1937 தேர்தலில் சென்னை சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் வென்றது. அமைச்சர்கள் மாதம் ஐந்நூறு ரூபாய் ஊதியம் மட்டுமே பெற்றனர். இந்த ஆட்சியின் செயல்களைப் பார்த்தால் ‘பழமைவாதி’ என்ற பட்டம் இவருக்குப் பொருந்துமா என்னும் ஐயமே முதலில் எழுகிறது.

அவருடைய முதற்பெருஞ்செயல் மதுவிலக்கு. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் அது தொடங்கியது. பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள், சாராயத்தின்மேல் வந்த வரி அரசுக்குப் பெரிய வருவாய். அதை இழந்தால் கருவூலம் என்னாகும் என்று பலர் கேட்டனர். அதற்கு விடையாக 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விற்பனை வரி என்ற முறை இந்தியாவில் அப்போதுதான் முதன்முதலில் வந்தது. பிற்காலத்தில் மாநிலங்களின் வருவாய்க்கு முதுகெலும்பாக நின்று, 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியில் பெரும்பாலும் கரைந்த அந்த வரிமுறையின் தந்தை, வரியைக் குறைக்கச் சொல்லும் கொள்கைக்காரர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இதில் அவர் தனியர் அல்லர். வரிக்குறைப்பு பேசிப் பதவிக்கு வந்த ரீகனும், 1967-இல் கலிபோர்னியாவின் பற்றாக்குறையைச் சரிக்கட்டப் பெரியதொரு வரி உயர்வில் கையெழுத்திட்டார். கடன் வாங்கிச் செலவு செய்வதைவிட, கசந்தாலும் வரி போட்டுக் கணக்கைச் சரிசெய்வதே முறை என்பது பழமைவாதிகளின் பழைய ஒழுக்கம்.

அடுத்தது 1938-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். வாங்கிய முதலைப்போல் இருமடங்கு கட்டித் தீர்த்த உழவரின் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று அது விதித்தது. சொத்துரிமையைப் போற்றும் ஒருவர், கடன் கொடுத்தவரின் பத்திரத்தைச் சட்டத்தால் தள்ளுபடி செய்தார்! ‘முதலுக்கு மேல் முதலளவே வட்டி’ என்பது நம் நாட்டின் பழைய தர்ம சாத்திரங்களில் உள்ள வரம்பு. புதியதொன்றைச் செய்யும்போதும் அதற்கு ஒரு பழைய வேரைத் தேடிப் பிடிப்பது இராஜாஜியின் வழக்கம்.

மூன்றாவது, ஆலய நுழைவு. 1938-இல் எம். சி. ராஜா கொண்டுவந்த பொதுவான ஆலய நுழைவு மசோதாவை இராஜாஜி ஆதரிக்கவில்லை. மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் போதும் என்றார். தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவரான ராஜாவுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆயினும் 1939 ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் அம்மக்களுடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, இராஜாஜியின் அரசு அவர்களை வழக்குகளிலிருந்து காத்து, ஆலய நுழைவுக்கு அனுமதி தரும் சட்டத்தை விரைந்து கொண்டுவந்தது. இங்கே அமெரிக்காவை ஒப்பிடுவது பயன்தரும். 1964-இல் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடியுரிமைச் சட்டத்தைக் கோல்டுவாட்டர் எதிர்த்து வாக்களித்தார். தனியாரின் உடைமையில் மத்திய அரசு தலையிடக்கூடாது என்பது அவர் வாதம். கோயில் யாருடைய உடைமை என்ற கேள்வி இங்கும் எழுந்தது. இராஜாஜி தயங்கினார், காலம் பார்த்தார், ஆனால் இறுதியில் சட்டத்தைத் தாழ்த்தப்பட்டோர் பக்கம் வைத்தார். தம் மகள் இலட்சுமியைக் காந்தியடிகளின் மகன் தேவதாசுக்கு 1933-இல் மணம் செய்து கொடுத்தவர், சாதிக் கட்டுப்பாட்டைத் தம் வீட்டளவிலும் மீறியவரே.

நான்காவது செயல்தான் அந்த ஆட்சிக்கு நீங்காத கறையாயிற்று. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடம் என்று ஆணை பிறந்தது. தமிழகம் கொதித்தது. பெரியார் ஈ. வெ. ரா. சிறையிடப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். நடராசன், தாளமுத்து என்னும் இளைஞர் இருவர் 1939-இல் சிறைக்காவலில் இருந்தபோது நோயுற்று மாண்டனர். எந்த அடக்குமுறைச் சட்டத்தை வெள்ளையர் காங்கிரசார்மீது ஏவினரோ, அதையே காங்கிரஸ் பிரதமர் தம் மக்கள்மீது ஏவினார். அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகிய பின், 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் அந்த ஆணையை நீக்கினார்.

இரண்டாம் ஆட்சி: 1952–1954

1952 பொதுத் தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. 62 இடங்களைப் பெற்ற பொதுவுடைமைக் கட்சியும் பிறரும் பிரகாசத்தின் தலைமையில் ஐக்கிய முன்னணி கண்டனர். அந்நிலையில் காங்கிரசார் 73 வயதான இராஜாஜியை அழைத்தனர். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். வட ஆர்க்காட்டு மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி அமைச்சரவையிலேயே இடம்பெற்றது. தென்னார்க்காட்டில் வலுவாக இருந்த இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும் ஆதரவளித்தது.

புதுச்சேரி மாணவர்களாகிய நாம் இந்த நியமனத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். நம் சட்டப் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 உறுப்பினர்களுடன், 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசச் சட்டப்படி மூவர் வரை நியமிக்கப்படலாம். மாநில அமைச்சரவையைக் கேளாமலே மத்திய அரசு நியமிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் நம் ஊரில் ஓர் அமைச்சரவை கவிழ்ந்தபோது அந்த மூவரின் வாக்குரிமை பெரிய விவாதமாயிற்று. மக்கள் வாக்களிக்காத ஒருவர் மக்களாட்சியின் போக்கைத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி 1952-இலேயே சென்னையில் கேட்கப்பட்டது. சட்டம் ‘ஆம்’ என்றது. அரசியல் அறம் என்ன சொல்லும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

பதவியேற்ற சில வாரங்களில், 1952 ஜூனில், உணவு தானியக் கட்டுப்பாட்டை இராஜாஜி நீக்கினார். போர்க்காலம் முதல் அரிசி பங்கீட்டு அட்டையில்தான் கிடைத்தது. ஒரு மாவட்டத்திலிருந்து மறு மாவட்டத்துக்கு நெல் கொண்டுபோவது குற்றம். இதனால் பதுக்கலும் கள்ளச்சந்தையும் இலஞ்சமும் வளர்ந்தன. கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும் என்று அஞ்சினோர் பலர். இராஜாஜி துணிந்தார், மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். பஞ்சம் வரவில்லை. பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது; கித்வாயின் கீழ் நாட்டின் பிற பகுதிகளிலும் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அரசு ஒதுங்கி நின்றால் நன்மை விளையும் என்ற அவருடைய நம்பிக்கைக்கு இதுவே சிறந்த சான்று.

அதே ஆண்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நிலவுடைமையாளர் நினைத்தபோது பண்ணையாளை வெளியேற்ற முடியாதவாறு அது தடுத்தது. பொதுவுடைமைக் கட்சியைத் தம் முதல் எதிரியாக வெளிப்படையாக அறிவித்தவர், அக்கட்சி வேரூன்றிய தஞ்சை மண்ணில் அதன் கோரிக்கையில் ஒரு பகுதியைத் தாமே நிறைவேற்றினார். புரட்சியைத் தடுக்கச் சீர்திருத்தம் என்பது பர்க் காலத்திலிருந்தே பழமைவாதத்தின் பாடம்.

கல்வித் திட்டம்

இனி நம்மை நேராகத் தொடும் செய்திக்கு வருவோம். 1953-54 கல்வியாண்டில், நகரங்கள் நீங்கலாகக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ‘மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’ நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணிநேரம் மட்டும் பள்ளியில் படிப்பர். ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியரைக் கொண்டு, இரண்டு முறையாக வகுப்புகள் நடக்கும். மீதி நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரிடம் தொழில் கற்கும்.

இராஜாஜியின் தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அரசிடம் பணம் இல்லை. பள்ளி செல்லவேண்டிய பிள்ளைகளில் பெருந்தொகையினர் பள்ளிக்கே வரவில்லை. வந்தவரும் பாதியில் நின்றனர். புதிய கட்டடமும் புதிய ஆசிரியரும் இன்றி இருமடங்குப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தர இது வழி என்று அவர் எண்ணினார். உடலுழைப்பைத் தாழ்வாகக் கருதும் படிப்பு நாட்டுக்கு ஆகாது என்பதும் அவர் வாதம். ஆராயச் சொல்லி அமைக்கப்பட்ட பருலேகர் குழுவும் 1953 நவம்பரில் சில திருத்தங்களுடன் திட்டத்தை ஏற்கலாம் என்றே கூறியது.

எனினும், திட்டத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. முதலாவது, கைத்தொழில் உயர்ந்ததென்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கு அது ஏன் விலக்கப்பட்டது? வழக்கறிஞர் மகன் நாள் முழுதும் படிக்க, குயவர் மகன் அரைநாள் படித்தால், இருவரும் ஒரே தேர்வில் எப்படிப் போட்டியிடுவர்? இரண்டாவது, காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டு. ஆனால் அங்கே தொழில் பள்ளிக்குள் கற்பிக்கப்படும்; எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இராட்டினத்தில் நூற்பர். இராஜாஜியின் திட்டத்திலோ தொழில் வீட்டுக்குள் கற்கப்படும். நம் நாட்டில் வீட்டுத் தொழில் என்பது சாதித் தொழில் அன்றி வேறென்ன? சலவைத் தொழிலாளி வீட்டில் சலவை, முடிதிருத்துவோர் வீட்டில் முடிதிருத்தல் என்றாகும். சட்டத்தில் ‘குலம்’ என்ற சொல் இல்லை. ஆனால் ஊர் அமைப்பு அந்தச் சொல்லைத் தானே எழுதிக்கொண்டது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயர் எதிர்ப்பாளர் இட்ட பெயரே எனினும், மக்கள் நாவில் அது நிலைத்ததற்குக் காரணம் இதுவே.

திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் கிளர்ந்தெழுந்தன. 1953 ஜூலையில் தி. மு. க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை முதலமைச்சர் வீட்டின்முன் மறியல். காங்கிரசுக்குள்ளேயே காமராசரும் பலரும் திட்டத்தை விரும்பவில்லை. கட்சியையும் சட்டமன்றத்தையும் முன்கூட்டிக் கலந்துகொள்ளாமல் அறிவித்ததே பலருக்குக் கசப்பு. உடல்நலத்தைக் காரணம் காட்டி இராஜாஜி விலகினார். 1954 ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பணமில்லை என்ற அதே கருவூலத்தை வைத்துக்கொண்டே காமராசர் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1956-இல் மதிய உணவுத் திட்டத்தையும் தொடங்கினார். பணம் எவ்வளவு என்பதோடு, எதற்கு முதலில் என்பதும் ஆட்சியாளரின் மனத்தைப் பொறுத்தது என்று இதிலிருந்து அறியலாம்.

எல்லைக்கு இப்பால்

இவையெல்லாம் நடந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. லா தெ லோரிஸ்தோன் என்ற பிரெஞ்சு ஆளுநரின் பெயரால் வழங்கும் இந்த லாஸ்பேட்டைக்குக் கட்டாய இந்தியும் வரவில்லை. அரைநாள் பள்ளியும் வரவில்லை. ஆட்சி மாற்றம் 1954 நவம்பர் முதல் நாளில் நடந்தபோது அத்திட்டம் சென்னை மாநிலத்திலேயே மடிந்துவிட்டது. ஆனால் மதுவிலக்கின் விளைவு மட்டும் இங்கே வந்து சேர்ந்தது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த இராமசாமி ரெட்டியார் பிரதமராயிருந்த காலத்தில், 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுதும் விரிந்தது. நம் வடக்கே சில கல் தொலைவில் கோட்டக்குப்பம் தொடங்கும் இடத்தில் மதுவிலக்கும் தொடங்கிற்று. இப்பால் மதுக்கடைகள் திறந்தே இருந்தன. பிரெஞ்சுப் பகுதியும் இந்தியப் பகுதியும் வயலுக்கு வயல் பின்னிக் கிடந்த நிலப்பரப்பில் ஒரு பக்கச் சட்டம் மறுபக்க வியாபாரமாயிற்று. ஒரு மாநிலத்தின் ஒழுக்கச் சட்டம் அதன் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது என்பதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அமெரிக்கா நாடு முழுவதற்குமாக 1920-இல் கொண்டுவந்த மதுவிலக்கும் 1933-இல் கைவிடப்பட்டது.

ஆயினும் இராஜாஜி தளரவில்லை. 1971-இல் கலைஞர் கருணாநிதியின் அரசு மதுவிலக்கை நிறுத்தி வைக்க முற்பட்டபோது, தொண்ணூறு வயது கடந்த அவர் முதலமைச்சரை நேரில் சென்று பார்த்து, வேண்டாம் என்று மன்றாடினார். கேட்டது கிடைக்கவில்லை. இன்று இரு பக்கமும் கடைகள் உள்ளன. இரு அரசுகளும் அந்த வருவாயை எண்ணியே வரவுசெலவுத் திட்டம் போடுகின்றன. குடியால் சிதைந்த வீடுகளைத் தம் தெருவிலேயே கண்டிருக்கும் நம் மாணவர்கள், சட்டம் தோற்றது என்பதால் அவர் கவலையும் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

சுதந்திராக் கட்சி

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை முறையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. உழவரின் நிலம் பறிபோகும் என்று கருதிய இராஜாஜி, எண்பது வயதில், என். ஜி. ரங்கா, மினூ மசானி முதலியோருடன் சேர்ந்து அதே ஆண்டு ஜூனில் சென்னையில் புதிய கட்சியை அறிவித்தார். எதைத் தொடங்கவும் அனுமதி, எதை விற்கவும் உரிமம், எதை வாங்கவும் ஒதுக்கீடு என்ற நிலையை ‘லைசென்ஸ் – பர்மிட் – கோட்டா’ ஆட்சி என்று அவர் சாடினார். அந்தச் சொற்கோவை இன்றும் பொருளாதார வகுப்புகளில் வழங்குகிறது. அனுமதி தரும் அதிகாரம் உள்ள இடத்தில் இலஞ்சம் தவறாது என்பதும், ஆளுங்கட்சி பெருந்தொழிலதிபரிடம் நன்கொடை பெறும் வழியாகவே அது முடியும் என்பதும் அவர் எச்சரிக்கை.

கட்சி 1962-இல் மக்களவையில் 18 இடங்களும், 1967-இல் 44 இடங்களும் பெற்று, அவ்வாண்டு எதிர்க்கட்சிகளில் முதலிடம் வகித்தது. 1971-இல் 8 இடங்களாகச் சுருங்கி, 1974-இல் பாரதிய லோக் தளத்தில் கலந்து மறைந்தது. முன்னாள் மன்னர்களும் பெருநிலக்காரரும் அதில் மிகுந்திருந்தது மக்களிடையே அதன் பெயரைக் கெடுத்தது. ஆனால் 1991 ஜூலையில் மத்திய அரசு பெரும்பாலான தொழில்களுக்கு உரிமமுறையை நீக்கியபோது, இராஜாஜி முப்பதாண்டுகளுக்கு முன் கேட்டதில் பெரும்பகுதி காங்கிரஸ் அரசின் கையாலேயே நிறைவேறியது.

அவருடைய கூட்டணிகளும் வியப்பானவை. 1938-இல் இந்தியைத் திணித்தவர், 1958-இலும் 1965-இலும் இந்தியே ஆட்சிமொழி என்பதை எதிர்த்து ஆங்கிலத்துக்காக வாதாடினார். தம் வீட்டின்முன் மறியல் செய்த தி. மு. க.வுடன் 1967-இல் கூட்டணி கண்டார். சட்டமன்றத்தில் அவர் கட்சிக்கு 20 இடங்கள் கிடைத்தன. அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். 1971-இலோ, தம்மைப் பதவியிலிருந்து இறக்கிய காமராசருடனேயே கைகோத்துத் தி. மு. க.வை எதிர்த்தார். சந்தர்ப்பவாதம் என்று இதைச் சொல்வோர் உண்டு. எந்தக் கட்சியும் அளவுமீறி வலுப்பெறக்கூடாது என்ற ஒரே நோக்கம் இவற்றின் அடியில் ஓடுவதாக நான் கருதுகிறேன். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி கேட்க, 1962 செப்டம்பரில் 83-ஆம் வயதில் வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்ததும், வரம்பற்ற அதிகாரத்தின்மீது அவர் கொண்ட அச்சத்தின் மற்றொரு வெளிப்பாடே.

மதிப்பீடு

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலனாகிறது. அரசு மக்களின் கையைக் கட்டுகிறது என்று அவர் கண்ட இடங்களில், அதாவது உணவுக் கட்டுப்பாட்டிலும் தொழில் உரிமத்திலும், அவர் கூறியது பெரும்பாலும் சரியாயிற்று. மக்கள் எப்படி வாழவேண்டும் என்று தாமே முடிவுகட்டி ஆணையிட்ட இடங்களில், அதாவது இந்தியிலும் அரைநாள் பள்ளியிலும், அவர் தோற்றார். அதிகாரிகளின் அறிவை நம்பாதவர், தம் அறிவை மட்டும் அளவுக்கு மேல் நம்பினார். ஆணைகளை எதிர்த்து வாதாடிய அதே மனிதர், ஆணையிடும் இடத்துக்கு வந்தபோது கேட்டுச் செய்யும் பழக்கத்தை மறந்தார். பழமைவாதம் என்பது மக்களின் நடைமுறை அறிவை மதிப்பதானால், இந்த இரு ஆணைகளிலும் அவர் தம் கொள்கைக்கே மாறாக நடந்தார் எனலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவரை எதிர்த்தோர் வழிவந்த நாமும் எல்லாவற்றுக்கும் அரசையே நோக்கி நிற்கப் பழகிவிட்டோம். படிப்பு முடிந்ததும் அரசு வேலை, அது கிடைக்கும்வரை காத்திருத்தல் என்பதே லாஸ்பேட்டைச் சாலைகளில் நாம் பேசும் பேச்சு. அரசு நமக்குப் பள்ளியைக் கொடுத்தது. அது மறக்கக்கூடாத நன்றி. ஆனால் பள்ளியைக் கொடுத்த அரசே நம் வாழ்நாள் முழுவதையும் சுமக்கவேண்டும் என்று எதிர்பார்த்தால், இராஜாஜி எச்சரித்த அடிமைத்தனம் வேறு வழியில் வந்து சேரும்.

முடிவுரை

ஒரு பிள்ளை பிறந்த வீட்டைக் கொண்டு அதன் கல்வியை அளக்கக்கூடாது என்ற இடத்தில் இராஜாஜியை நாம் உறுதியாக மறுக்கவேண்டும். அந்த மறுப்பின் பயனாகவே நம்மில் பலர் இங்கே அமர்ந்திருக்கிறோம். கையெழுத்திடும் அதிகாரம் பெருகும் இடத்தில் ஊழலும் பெருகும், வரவுக்கு மேல் செலவிடும் அரசு பிள்ளைகள் தலையில் கடனை ஏற்றும் என்ற இடங்களில் அவர் சொல்லைச் செவிமடுக்கவேண்டும். வாழ்த்துவோரும் வைவோரும் தத்தம் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். படிக்கும் மாணவருக்கு அந்த உரிமை இல்லை. முழு மனிதரையும் எடுத்து, ஏற்பதை ஏற்று, தள்ளுவதைக் காரணத்தோடு தள்ளுவதே அரசியல் கல்வி நமக்குத் தரும் பயிற்சி. நம் ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் இக்கட்டுரையின் முடிவுகளை மறுத்து எழுதுவார்களாயின், அடுத்த ஆண்டு மலரில் அதைப் படிக்க நான் முதல் வாசகனாக இருப்பேன்.